மலைநாட்டுத் திருச்சபையும் இன்றைய சோதனைகளும்

ஜூபிலி மலர் என்றால் வாழ்த்துச் செய்திகளும், பங்குத் தந்தையரின் படங்களும், நன்கொடையாளர் பட்டியலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவற்றை அன்பர்கள் மற்றப் பக்கங்களில் காண்பார்கள். மலர்க் குழுவினர் நம்மிடம் கேட்டது, திருச்சபை இப்பகுதிக்கு வந்த வழியையும் இன்று அதன் முன் நிற்கும் சோதனைகளையும் எழுதித் தருமாறு. விழா நாளில் சோதனைகளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் கொடியேற்றத்துக்கு வந்து நிற்கும் கூட்டத்தில் நம் இளைஞர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது பொருத்தமாகவே தோன்றும்.

காவலூர் என்றதும் வெளியூராருக்கு நினைவு வருவது வானாய்வுக் கூடம். 1968-இல் 38 சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய தொலைநோக்கி ஒன்றோடு இம்மலையில் வானாய்வு தொடங்கியது. 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி இங்கு வந்து, பெரிய தொலைநோக்கிக்கும் கூடத்துக்கும் வேணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அன்று மூன்று இராசாக்கள் திருநாள். நாள் குறித்தவர்கள் அதை எண்ணியிருக்க மாட்டார்கள். விண்மீனைப் பார்த்து வழி நடந்த ஞானிகளின் நாளில் இது நடந்தது என்று நாம் எண்ணி மகிழலாம், தவறில்லை.

இம்மலையில் வாழும் மலையாளிகளைப் பற்றி (கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர் என்ற பொருளில்) ஒரு பழங்கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்து நூல்களிலும் அது பதிவாகியிருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளரிடம் பெண் கேட்டார்களாம். மறுத்ததால் ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றார்களாம். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். ‘நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்தோம் என்று கொள்ளுங்கள்’ என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றார்கள். பாலாற்றில் வெள்ளம், நாய்கள் கடக்க மாட்டாமல் ஊர் திரும்பின. மனைவியர் கருமாதி செய்து முடித்துவிட்டார்கள். காரியம் முடித்துத் திரும்பிய கணவன்மாரை ஊர் ஏற்கவில்லை. செத்தவர்கள் செத்தவர்களே என்றது. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினார்கள் என்று கதை முடிகிறது. இதை வரலாறு என்று நாம் வாதாட வரவில்லை. ஆயினும் சொந்த ஊரார் இறந்தவராக எண்ணிக் கைவிட்டவர்களின் வழிவந்தோர் என்று ஒரு மக்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக் கொள்வது சாதாரணமன்று. ஞானஸ்நானம் பெற்ற நாளில் உறவினரால் ‘நீ எங்களுக்குச் செத்தாய்’ என்று சொல்லப்பட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு இக்கதையின் வலி விளங்கும்.

இனி திருச்சபை வந்த வழி. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தர், வீரமாமுனிவர் ஆகியோரை ஞானோபதேச வகுப்பிலேயே அறிவோம். நம் வட ஆர்க்காட்டுக்கு ஒளி வேறொரு வாசல் வழியாகவும் வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் ஆர்க்காட்டு நாட்டில் கர்நாடக மிஷன் என்ற பெயரில் உழைத்தார்கள். 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டபோது மந்தை மேய்ப்பரின்றித் தவித்தது. 1776-இல் பாரீசு வேதபோதக சபையார் புதுச்சேரியில் பொறுப்பேற்றனர். அவர்கள் வழியில் வந்தவரே சேத்துப்பட்டின் தாராஸ் அடிகளார்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தைப் பாட்டிமார் கதைகளில் கேட்டிருப்போம். அந்நாட்களில் வட ஆர்க்காட்டில் பல்லாயிரம் பேர் திருமறையில் சேர்ந்தனர். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். ‘கஞ்சிக்கு வந்த வேதக்காரர்’ என்ற ஏச்சு அப்போது பிறந்தது, இன்றும் சாகவில்லை. இதற்கு நாம் வெட்கப்பட வேண்டுமா? பசித்தவன் வாசலில் நிற்கையில் கதவைத் திறந்தவர்கள் யார் என்பதையும் ஏசுவோர் சேர்த்துச் சொல்லட்டும். பஞ்சம் நீங்கியபின் விலகியவர்கள் உண்டு. ஆனால் மழை பெய்து களஞ்சியம் நிறைந்த பின்பும் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று சமவெளிப் பங்குகளின் முதுகெலும்பு. கஞ்சி அத்தனை தலைமுறைக்கு வராது.

பின்னர் சலேசிய சபையார் வட ஆர்க்காட்டில் ஊன்றினர். 1952 நவம்பரில் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டத்திலிருந்து வேலூர் மறைமாவட்டம் பிரிந்தபோது அதன் முதல் ஆயர் மேதகு பப்லோ மரியசெல்வமும், அடுத்த ஆயர் மேதகு தாவீது மரியநாயகமும் சலேசியர்களே. பிரிந்த சகோதரர்களின் பணியையும் இங்கே மறைக்கலாகாது. அமெரிக்க ஆர்க்காடு மிஷன் மரபில் வந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் சிறிய மருந்தகமாகத் தொடங்கிய மருத்துவமனையின் மருத்துவர்கள் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கும் வருகிறார்கள். பேறுகாலப் பெண்ணைக் கட்டிலில் கட்டித் தூக்கிச் சென்ற மலைப்பாதையில் வந்த மருத்துவரை எந்தச் சபை என்று யாரும் கேட்டதில்லை.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் மலைநாட்டு மக்களுக்கு என்ன தந்தது? முதலாவது, காதில் விழும் மொழியில் பூசை. இலத்தீனில் முணுமுணுத்துக் கொண்டிருந்த குரு, மக்களை நோக்கித் திரும்பித் தமிழில் பேசினார். இரண்டாவது, அதைவிடப் பெரியது: மக்களின் பழக்கவழக்கங்களை மதிக்கலாம் என்ற துணிவு. 1967-இல் பெங்களூரில் தேசிய மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையத்தைத் தொடங்கிய தமிழரான அமலோர்பவதாஸ் அடிகளாரின் முயற்சிகளைச் சிலர் ‘கோயிலைக் கோவிலாக்குகிறார்’ என்று பரிகசித்தார்கள். சாமை அறுத்ததும் முதல் படியைக் கோயிலுக்குக் கொண்டு வருவதும், பொங்கல் பானையில் சிலுவை வரைவதும் இன்று நமக்கு இயல்பாகிவிட்டன. பரிகாசத்தை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

பழக்கவழக்கம் என்பது இன்று பக்தி விஷயம் மட்டுமன்று, சட்ட விஷயமுமாகிவிட்டது. இதைப் பங்கு மக்கள் ஒவ்வொருவரும் விளங்கிக்கொள்ள வேண்டும். 1950-இல் குடியரசுத் தலைவரின் இரு ஆணைகள் வந்தன. ஆகஸ்டில் வந்த தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணை, இந்து அல்லாதாரை அப்பட்டியலில் சேர்க்க முடியாது என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கு மூடியே இருக்கிறது. 1985-இல் சூசை என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்தியது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அளித்த அறிக்கையில் மதத்தடையை நீக்கச் சொன்னது, நீக்கப்படவில்லை. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2024 நவம்பரில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தையே ஏமாற்றுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சமவெளியிலுள்ள நம் தலித் சகோதரர்கள் இதனால் இரு வீட்டுக்கும் விருந்தாளியாய், எந்த வீட்டுக்கும் உரிமையற்றவராய் நிற்கிறார்கள்.

பழங்குடியினர் பட்டியலுக்கு 1950 செப்டம்பரில் வந்த ஆணையில் மதத்தடை இல்லை. வட ஆர்க்காட்டு மலையாளிகள் அப்பட்டியலில் இருக்கிறார்கள்; ஞானஸ்நானம் பெற்றாலும் பழங்குடியினரே. ஆனால் அமைதியாக இருந்துவிடலாகாது. 1967-ஆம் ஆண்டின் திருத்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு, மதம் மாறிய பழங்குடியினரை நீக்கலாம் என்றது, அது சட்டமாகவில்லை. அதே கோரிக்கை இப்போது வட மாநிலங்களில் பேரணிகளாக எழுகிறது. 2004-இல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், மதம் மாறியதால் மட்டுமே ஒருவர் பழங்குடித் தகுதியை இழப்பதில்லை; அவர் தம் குலத்தின் வழக்கங்களைப் பின்பற்றி, குலத்தாரால் ஏற்கப்பட்டு வாழ்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்றது. இதன் பொருளைக் கவனியுங்கள். பரிசம் போடுதல், பங்காளி முறை, ஊர்க் கவுண்டர் முன் பேசித் தீர்த்தல் ஆகியவற்றை ‘அஞ்ஞானம்’ என்று ஒரேயடியாகத் தள்ளச் சொன்ன போதகர்கள், தம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழையும் சேர்த்தே தள்ளச் சொன்னார்கள். எது விசுவாசத்துக்கு முரணானது, எது வெறும் ஊர் வழக்கம் என்று நிதானமாகப் பிரித்தறியும் வேலை பங்குப் பேரவையினுடையது. மேடையில் முழங்குகிறவர்களுடையதன்று.

சட்டம் ஒருபுறம் இருக்க, வயிறு மறுபுறம். சாமையும் கேழ்வரகும் புளியும் சீத்தாப்பழமும் ஆண்டு முழுவதற்கும் போதாது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் முதலாகக் காடு அரசின் காடாயிற்று; காட்டை நம்பியவர்கள் கூலிகளானார்கள். இன்று மேஸ்திரி முன்பணம் கொடுத்து அழைக்கிறார். இளைஞர்கள் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும், கேரளத்துக்கும், திருப்பூருக்கும் போகிறார்கள். சிலரை அதே முன்பணம் ஆந்திரத்துக்கு, செம்மரக் காட்டுக்குக் கொண்டு சேர்த்தது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறையும் வனத்துறையும் சேர்ந்த தனிப்படை சுட்டதில் தமிழகத்தார் 20 பேர் இறந்தனர். ஜவ்வாது மலையாரும் அவர்களில் இருந்தனர். மோதல் என்றது ஒரு தரப்பு. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றது மறு தரப்பு. செம்மரத்தைக் கப்பலேற்றி விற்றுப் பணம் பார்த்தவன் அன்று அந்தக் காட்டில் இல்லை. கோடரி பிடித்தவன்தான் இருந்தான். நாம் அறிந்த அளவில் பல பங்குகள் அந்த வாரம் உயிர்ப்பு ஞாயிறு முடிந்த களைப்பில் இருந்தன. அந்த ஆண்டு உயிர்ப்பு ஏப்ரல் 5.

போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கோயிலுக்குத் தெரியாமலிருப்பதே நம் முதற்குறை என்பது எம் எண்ணம். வருகைப் பதிவு வைத்துப் பள்ளிக்கூடம் நடத்துகிறோம். திருமுழுக்குப் பதிவேட்டை அலமாரியில் பூட்டி வைக்கிறோம். ஊரைவிட்டுப் போகிறவனின் பெயரை எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு இல்லை.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. கோயில் வழியாக அமெரிக்கப் பால் பவுடரும் மஞ்சள் ரவையும் வந்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ரவை உப்புமாவின் ருசியை இன்றும் புகழ்வோர் உண்டு. நமக்கு அவ்வளவு புகழத் தோன்றவில்லை. வெளிநாட்டு நிதிச் சட்டம் 2010-இல் இறுகி, 2020-இல் மேலும் இறுகியது. நிர்வாகச் செலவு 50 சதத்திலிருந்து 20 சதமாகக் குறைக்கப்பட்டது. பணம் புது டில்லி ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் வழியாகவே வர வேண்டும். பல தொண்டு நிறுவனங்கள் உரிமம் இழந்தன. இதில் அநியாயமும் உண்டு. கூடவே, உண்டியலில் பத்து ரூபாய் போட யோசித்துக்கொண்டு, சுற்றுச்சுவருக்கு ஜெர்மனியை எதிர்பார்த்த பழக்கத்துக்கு முடிவும் உண்டு.

சாதியைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் கத்தோலிக்கர் இரு பிரிவாக மோதி, காவல் துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே ஞானஸ்நானத் தொட்டி. இரண்டு பாடை வண்டி. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒப்புக்கொண்டு தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டது. அறிக்கை வந்தது நன்று; கல்லறையில் குறுக்குச் சுவர் எழுப்பியவர்கள் அறிக்கை படிக்கிறவர்களா என்பது வேறு. மலைமேல் இவ்வளவு இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஆலங்காயம் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய சமவெளிக் குடும்பங்களும் மலைக் குடும்பங்களும் திருவிழாச் சமையலில் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

2020 மார்ச் 21-இல் வேலூர் ஆயர் மேதகு சவுந்தரராஜு இறைவனடி சேர்ந்தார். நான்கே நாளில் நாடு முழுவதும் ஊரடங்கு. கோயில் கதவுகள் சாத்தப்பட்டன. 2022 டிசம்பரில் மேதகு அம்புரோஸ் பிச்சைமுத்து நியமிக்கப்படும் வரை மறைமாவட்டத்துக்கு ஆயர் இல்லை. செல்பேசியில் பூசை கண்டோம். மலையில் ‘டவர்’ கிடைத்த வீடுகளில் மட்டும். அப்போது வெளியூர்களில் வேலை இழந்த பிள்ளைகள் கால்நடையாகவும் லாரியிலும் மலைக்குத் திரும்பினார்கள். பல வீடுகளில் வெகுநாளைக்குப் பின் மாலை செபமாலைக்கு ஆண்குரல் கேட்டது. திரும்பி வந்தவர்களில் சிலரைப் பிரார்த்தனைக் கூடங்கள் அழைத்துக்கொண்டன; வீடு தேடிச் சென்று பெயர் சொல்லி அழைத்ததால் போனார்கள். அவர்களைக் குறை சொல்லுமுன், ஊர் ஊராக நடந்து பெயர் சொல்லி அழைத்த பழைய உபதேசியார்களின் இடத்தில் இன்று யாரை வைத்திருக்கிறோம் என்று கேட்க வேண்டும்.

இந்த ஜூபிலி ஆண்டில் பங்குப் பேரவை முன் நாம் வைப்பது ஒரே விண்ணப்பம். திருமுழுக்குப் பதிவேட்டுக்கு அருகில் இன்னொரு ஏடு வையுங்கள். மலையை விட்டு வேலைக்குப் போகிறவரின் பெயர், அழைத்துச் செல்லும் மேஸ்திரியின் பெயர், போகும் ஊர், வாங்கிய முன்பணம், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளை என்றாலும் எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் உட்கார்ந்து அந்த எண்களுக்குப் பேசட்டும். பதில் வராத பெயர்களைப் பங்குத் தந்தையிடம் அன்றே கொடுக்கட்டும்.