கவித்துவம்: ஒரு சொல்லின் வரலாறு

இலக்கியத் திறனாய்வில் நாம் அடிக்கடி கையாளும் சொற்களுள் 'கவித்துவம்' ஒன்று. கவிதையை மட்டுமன்றிச் சிறுகதையையும் திரைப்படக் காட்சியையும் 'கவித்துவமானது' என்கின்றோம். ஆயின் எத்தகைய இயல்பை இச்சொல் குறிக்கின்றதென விளக்க முற்படுவோர் சிலரே. சொல்லின் பொருள் அதனை வழங்கும் சமுதாயத்தோடு மாறுமாதலின், இதன் வரலாற்றை நோக்குதல் பயனுடைத்து.

வடமொழியில் 'கவி' என்பது பாடுவோனைக் குறிக்கும். அவனது ஆக்கம் 'காவியம்' ஆகும். எனவே கவித்துவம் என்பது முதற்கண் கவியாயிருக்கும் தன்மை, பாடும் ஆற்றல். 7ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் தண்டி, கவித்துவம் குன்றியோரும் உழைப்பினால் அறிஞர் அவையில் விளங்கலாம் எனும் கருத்துப்படக் 'காவியாதர்சத்'தில் கூறுமிடத்து, இச்சொல் ஆளின் ஆற்றலையே சுட்டுகின்றது. தமிழிலோ 'கவி' பாடுவோனையும் பாடலையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. பாட்டியல் மரபு ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவியை நால்வகைப்படுத்திற்று. புரவலர் அவையில் பாடுந் திறனே புலவனுக்கு வாழ்வளித்த சூழலில், ஆற்றலும் ஆக்கமும் பிரித்து நோக்கப்படாமை வியப்பன்று.

அச்சியந்திரமும் பரந்த வாசகர் கூட்டமும் தோன்றியபின் நிலைமை மாறியது. புலவனை நேரிற் காணாத வாசகன்முன் இருப்பது பனுவல் மட்டுமே. பாரதியின் (1882–1921) வசன கவிதைகள், யாப்பையும் கவிதையையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கத்தை அசைத்தன. 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' புதுக்கவிதைக்குக் களமாயிற்று. யாப்பு அளவுகோலாக நில்லாதவிடத்து, கவிதையைக் கவிதையாக்குவது யாது எனும் வினா எழுந்தது. அதற்கு விடையாகவே கவித்துவம் எனும் சொல் முதன்மை பெற்றதென நாம் கருதுகின்றோம். ஆளின் ஆற்றலைக் குறித்தது படைப்பின் பண்பைக் குறிக்கலாயிற்று.

இம்மாற்றம் ஒரு சிக்கலையும் உடன்கொணர்ந்தது. யாப்புப் பிழையைச் சுட்டிக்காட்டலாம். கவித்துவமின்மையை அவ்வாறு காட்டுதல் எளிதன்று. ஆகவே இச்சொல் காரணங்கூறாத் தீர்ப்பாகப் பயன்படலாயிற்று. உழைப்போர் வாழ்வைப் பாடும் கவிதையில் கருத்துண்டு, கவித்துவமில்லை எனத் தள்ளுவோர் ஒருபுறம். கவித்துவம் பற்றிய வினாவையே வெறும் அழகியல்வாதமென ஒதுக்கும் முற்போக்காளர் மறுபுறம். இரு சாராரும் ஆய்வைத் தவிர்ப்பவரே. ஈழத்தில் மஹாகவியும் (1927–1971) முருகையனும் (1935–2009) பேச்சோசையை யாப்பினுட் கொணர்ந்து சமகால வாழ்வைப் பாடியமை, இவ்விரு நிலைகளையும் மறுக்கும் சான்றாகும்.

கவித்துவம் சிலர்க்கு மட்டும் பிறவியில் வாய்த்த தனியுடைமையன்று. பனுவலின்மேல் படர்ந்துள்ள மாயப்பொருளுமன்று. சொல்லும் ஓசையும் அனுபவமும் இயையுமிடத்தே அது பிறக்கின்றது. அதனை உண்டென்போரும் இல்லையென்போரும் அவ்வியைபையோ அதன் குறைவையோ பனுவலிலேயே காட்டுதல் வேண்டும். காட்டவியலாதவிடத்து அச்சொல்லைத் தவிர்த்தலே திறனாய்வு நேர்மை.