குருசடைத் தீவின் ஆரம்ப இருப்பு

விடுமுறை வந்தால் நம் குடியிருப்பிலிருந்து இரண்டு மூன்று குடும்பமாவது ராமேஸ்வரம் போய் வருகிறது. பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியதும் எல்லாரும் கைபேசியை எடுத்துப் பாலத்தைப் படம் பிடிக்கிறோம். அடுத்த முறை போகும்போது வலது பக்கம், அதாவது தெற்கே, கொஞ்சம் பாருங்கள். கடல் மட்டத்தோடு ஒட்டிய பச்சைக் கோடுகள் மாதிரிச் சில தீவுகள் தெரியும். அவற்றில் ஒன்று குருசடைத் தீவு. மொத்தம் சுமார் 66 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் 160-க்குச் சற்று மேல். இந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன்பே சென்னை மாகாண மீன்வளத் துறையின் கடல் உயிரியல் நிலையம் ஒன்று இயங்கியது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. நம் கோயில்களில் ஊதும் சங்கு மன்னார் வளைகுடாவின் சரக்குதான்.

நிலையம் அங்கே வந்ததற்குக் காரணம் இயற்கை மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். காரணம் வருமானம். அந்நாளில் முத்துக் குளிப்பும் சங்குக் குளிப்பும் அரசாங்கத்தின் தனியுரிமை. இங்கே எடுத்த சங்கு மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போய் வளையலாக மாறியது. முத்து அப்படி ஒழுங்காக வரவில்லை. ஒரு வருடம் கொட்டும், பிறகு பல வருடம் சிப்பியே இருக்காது. வரவு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியாமல் எந்த அரசாங்கம் வரவுசெலவுத் திட்டம் போட முடியும்? அதனால் சிப்பியின் வாழ்க்கையைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது.

வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள ஜெர்சி தீவில், தன் மாமனாருடன் சேர்ந்து சொந்தமாக ஒரு கடல் உயிரியல் நிலையம் நடத்தியவர். கடல் பிராணிகளைப் பதப்படுத்திக் கல்லூரிகளுக்கு விற்றுத்தான் அந்த நிலையம் ஓடியது. 1902-இல் இலங்கை முத்துப் படுகைகளை ஆராய வந்தவர், 1908-இல் சென்னை மாகாணப் பணியில் சேர்ந்தார். பின்னாளில் மீன்வளத் துறையின் இயக்குநரானார். சங்கைப் பற்றி 1914-இல் அவர் எழுதிய புத்தகம் இன்றும் பேசப்படுகிறது.

ஆராய்ச்சிக்கூடம் கட்டுவது சுலபம், நடத்துவதுதான் கஷ்டம். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இத்தாலியில் உள்ள நேப்பிள்ஸ் நகரத்துடையது. 1872-இல் அங்கே கடல் உயிரியல் நிலையம் தொடங்கிய ஆன்டன் டோர்ன், ஆராய்ச்சி மேசைகளை வருட வாடகைக்கு விட்டார். பல நாட்டு அரசாங்கங்களும் பல்கலைக்கழகங்களும் வாடகை கட்டித் தங்கள் ஆட்களை அனுப்பின. நிரந்தர வரவு! உலகத்தின் நல்ல மூளைகளும் தாமாகவே வந்து சேர்ந்தன. குருசடையில் அப்படி எதுவும் இல்லை. அது முழுக்கத் துறையின் செலவில் நடந்தது. 1930-களில் அங்கே முத்துச்சிப்பி வளர்த்துப் பார்த்தார்கள். ஆனால் உருண்டையான வளர்ப்பு முத்து இந்தியாவில் கைகூடியது 1973-இல்தான். அதைச் செய்தவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி, இடம் தூத்துக்குடி. இயற்கை முத்துக் குளிப்போ 1961-உடன் முடிந்துபோனது.

ஆக, முத்துக் கணக்கில் தீவு லாபம் காட்டவில்லை. என் பார்வையில் அதன் பெரிய வரவு வேறு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லி, குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களுக்கென்று ஒரு பட்டியல் தயாரித்து 1927-இல் அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். பவளம், நண்டு, புழு, நட்சத்திர மீன் என்று ஒவ்வொரு வகையையும் அதில் தேர்ந்தவர்கள் எழுதினார்கள். இதே கிரேவ்லிதான் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் பட்டியலை டி. என். ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1932-இல் வெளியிட்டவர். புழுவையும் நடராஜரையும் ஒரே பொறுமையோடு எண்ணிய மனிதர்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு உடனே புரியும். ஆரம்ப இருப்பு எழுதாத கணக்கில் எவ்வளவு குறைந்தது என்று எந்தத் தணிக்கையாளராலும் சொல்ல முடியாது. மன்னார் வளைகுடாவின் ஒரு மூலைக்காவது அந்த இருப்பு எழுதப்பட்டுவிட்டது.

பட்டியல் வந்ததும் தீவுக்குப் புகழும் வந்தது. சுதந்திர ஆண்டான 1947-இல் பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1949-இல் எதிர்க்கரையில் உள்ள மண்டபம் முகாமுக்கு வந்தது. (இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்களைத் தடுத்து வைத்துச் சோதித்த முகாம் அது.) 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் மையம் இருக்கிறது. கல்லூரி மாணவர்களும் வந்து குவிந்தார்கள். அந்தக் காலத்தில் விலங்கியல் படித்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் 'பலானோகிளாஸஸ்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டதாகப் பாடத்தில் வரும் அந்த மண்புழு போன்ற பிராணி குருசடை மணலில் கிடைக்கும். வருடா வருடம் கல்லூரிச் சுற்றுலா, கையில் மண்வெட்டி, பையில் கண்ணாடிக் குடுவை. படிப்புக்காகத்தான், சரி. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டு போனார்களே தவிர, தீவில் போட்டுவிட்டுப் போனவர் யார்?

ஆனால் மாணவர் எடுத்தது சில்லறை. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வருடக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கும் பாறை போனால் மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்? இந்த வரிசையில் இருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. 1986-இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. 1989-இல் அதைவிடப் பெரிய பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. பூங்கா என்றதும் கதவு சாத்தப்பட்டது பாறை வெட்டியவர்களுக்கு மட்டுமா? தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பாம்பன் வட்டாரப் பெண்களும் குற்றவாளிகள் போல நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் பாதிக்கும் குறைவான நாட்களே பாசி எடுப்பது என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டு வனத்துறையிடம் பேசினார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்குத் தீவுகளைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜி 2015-இல் விருது கொடுத்தது. ஆய்வகமும் சட்டமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையைப் படிப்பில்லாத பெண்கள் காலண்டரை வைத்துச் செய்தார்கள் என்பது என் கருத்து.

இந்த வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கும் காராஜீனன் என்ற பொருள் 'கப்பாபைகஸ்' என்ற பாசியிலிருந்து வருகிறது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த அந்தப் பாசியை 1990-களில் மண்டபத்திலேயே உள்ள இன்னொரு ஆய்வு நிலையம் வளர்த்துப் பழக்கியது. 2000-க்குப் பிறகு ஒரு பெரிய குளிர்பான நிறுவனம் அதை வணிகமாக்கியது. கரையோரப் பெண்கள் பலருக்கு அது நல்ல வருமானம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2008 வாக்கில் அது குருசடையின் உயிருள்ள பவளங்கள் மேல் போர்வை போலப் படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். வெயில் படாத பவளம் அப்படியே சாகும். 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த அடிக்கு மேல் இது இன்னொரு அடி.

1927 பட்டியல் வந்த காலத்தில் இந்தப் பாசி இந்தக் கடலிலேயே கிடையாது. இப்போது வனத்துறை ஆட்களை இறக்கி அதைக் கையாலேயே பிய்த்து எடுக்க வைக்கிறது. ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் மறுபடி வளர்ந்துவிடும் என்பதால், எடுத்த இடத்துக்கே திரும்பத் திரும்ப மூழ்க வேண்டியிருக்கிறது.