லாக்தானே, அழிச்சா என்ன?

இன்னைக்கு எபிசோட் ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்குது.

2019. காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகியிருந்தது. மருந்து மொத்த வியாபாரம் செய்ற ஒரு கம்பெனியோட பில்லிங் சர்வரை எங்க டீம் பார்த்துக்கிட்டு இருந்தோம். உள்ளே இருந்த டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. ஒரு சனிக்கிழமை மதியம் அது நின்னுபோச்சு. ஆபீஸ்ல நான் மட்டும்தான். ஸ்டார்ட் கமாண்ட் கொடுத்தேன், எழுந்திருக்கல. மறுபடியும் கொடுத்தேன், அப்பவும் இல்ல. டிஸ்க்கைப் பார்த்தா 100 சதவீதம் ஃபுல்.

எந்த ஃபோல்டர் இடத்தை அடைச்சிருக்குன்னு தேடினேன். ‘பிஜி எக்ஸ்லாக்’னு ஒண்ணு இருந்தது. உள்ளே 16 எம்பி சைஸ்ல வரிசையா ஃபைல்கள். பேர்லயே லாக் இருக்கு. லாக்தானே, அழிச்சா என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன். எது பழசு, எது புதுசுன்னுகூட சரியா பார்க்காம அழிச்சேன்.

இப்போ டிஸ்க்ல தாராளமா இடம். ஸ்டார்ட் கொடுத்தேன். சரியான செக்பாயிண்ட் பதிவைக் கண்டுபிடிக்க முடியலன்னு ஒரு பேனிக் மெசேஜைப் போட்டுட்டு மறுபடியும் படுத்துக்கிச்சு. டீம் லீட் அக்காவுக்கு ஃபோன் பண்ணி, “லாக் ஃபைல்களைக் கொஞ்சம் க்ளீன் பண்ணேன் அக்கா”ன்னு சொன்னேன். சில நொடி சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாங்க: “எந்த லாக் தம்பி?”

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா கொஞ்சம் வரலாறு தெரியணும்.

பழைய மளிகைக் கடைகள்ல ரெண்டு கணக்கு இருக்கும். சிட்டை, பேரேடு. வியாபாரம் நடக்க நடக்க முதல்ல சிட்டையில எழுதிடுவாங்க. பொறுமையா உட்கார்ந்து அப்புறம் பேரேட்டுல ஏத்துவாங்க. பாதி ஏத்தும்போது கரண்ட் போனாலும் கவலை இல்ல, சிட்டை கையில இருக்கு. டேட்டாபேஸும் இதைத்தான் செய்யுது. ஒரு மாற்றத்தை டேபிள்ல எழுதுறதுக்கு முன்னாடி லாக்ல எழுதியாகணும். ரைட் அஹெட் லாகிங்னு பேரு.

ஆனா இது எல்லாருக்கும் ஆரம்பத்துலயே சரின்னு படல. 1970கள்ல கலிபோர்னியாவுல சான் ஹோசேயில ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடம் சிஸ்டம் ஆர்னு ஒரு டேட்டாபேஸ் கட்டிச்சு. எஸ்க்யூஎல் பிறந்த இடம் அதுதான். அதுல லாக் இருந்தது, கூடவே ‘நிழல்’ பக்கங்களும் இருந்தது. ஒரு பக்கத்தை மாத்தணும்னா பழசை அப்படியே விட்டுட்டுப் புது இடத்துல எழுதும். சர்வர் விழுந்தா பழைய பக்கத்துக்குத் திரும்பிடலாம். ஆனா போகப் போகப் பக்கங்கள் டிஸ்க் முழுக்கச் சிதறிடும். 1981ல ஜிம் கிரேயும் கூட இருந்தவங்களும் அதைப் பத்தி எழுதின கட்டுரையில, நிழல் இல்லாம லாகை மட்டும் நம்பியிருக்கலாம்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டாங்க. ஜிம் கிரேக்கு 1998ல டூரிங் விருது கிடைச்சுது.

இன்னொரு பக்கம் பெர்க்லி. அங்கே மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1980கள்ல போஸ்ட்கிரெஸை வடிவமைச்சார். அவரோட யோசனை நேர் எதிர்: பழைய வரிசைகளை அழிக்கவே வேணாம், அப்போ ரைட் அஹெட் லாகே தேவையில்ல, சர்வர் விழுந்தாலும் உடனே எழுந்துடும். கேட்க அழகா இருக்கு. ஆனா ஒவ்வொரு கமிட்டுக்கும் மாறின பக்கங்களை எல்லாம் டிஸ்க்ல எழுதி முடிக்கணும், அது மெதுவாகும். கடைசியில 2001ல, 7.1 வெர்ஷன்ல, போஸ்ட்கிரெஸுக்கும் அந்த லாக் வந்துச்சு.

இதுக்கு நடுவுல 1992ல வந்ததுதான் ஏரீஸ். ஐபிஎம்ல இருந்த சி. மோகன் முதல் பேரா எழுதின கட்டுரை, கூட இன்னும் நாலு பேர். மோகன் ஐஐடி மெட்ராஸ்ல பிடெக் படிச்சவர். எந்த டிபார்ட்மென்ட் தெரியுமா? கெமிக்கல்!

விழுந்த சர்வர் எழும்போது என்ன செய்யணும்னு ஏரீஸ் மூணு கட்டமா சொல்லுது. முதல்ல லாகைப் படிச்சு, விழுந்தப்போ யார் யார் பாதியில இருந்தாங்கன்னு கண்டுபிடி. ரெண்டாவது, நடந்ததை எல்லாம் அப்படியே மறுபடி நடத்து. முடியாமப் போன வேலைகளையும் சேர்த்து. மூணாவது, அந்த முடியாத வேலைகளை மட்டும் பின்னாடி இருந்து ரத்து பண்ணு. அந்த ரத்தையும் லாக்ல எழுது, ஏன்னா ரத்து பண்ணும்போதே மறுபடி கரண்ட் போகலாம். ரெண்டாவது கட்டத்துக்கு அவங்க வச்ச பேரோட அர்த்தம், வரலாற்றைத் திரும்ப நடத்துறது. போஸ்ட்கிரெஸுக்கு அந்த மூணாவது கட்டம் வேண்டாம், ஸ்டோன்பிரேக்கர் புண்ணியத்துல பழைய வரிசைகள் அங்கேயே இருக்கு. ஆனா திரும்ப நடத்த லாக் கண்டிப்பா வேணும்.

இப்போ என் சனிக்கிழமைக்கு வாங்க. ஸ்டார்ட் ஆகாத அந்த டேட்டாபேஸ் கெட்டுப்போகல. சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரி பண்ண அதுக்குக் கொஞ்சம் டிஸ்க் இடம் தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான். நான் சிட்டையைக் கிழிச்சுப் போட்டு இடம் பண்ணிக் கொடுத்தேன்.

லாகை ரீசெட் பண்ற டூல் ஒண்ணு இருக்கு. அக்கா அதை ஓட்டினாங்க, சர்வர் எழுந்துச்சு. ஆனா இண்டெக்ஸ் இருக்குன்னு சொல்ற பில் டேபிள்ல இல்ல. அந்த டேட்டாவை நம்ப முடியாது. முந்தின நாள் ராத்திரி பேக்கப்பை ரெஸ்டோர் பண்ணோம். சனிக்கிழமை பில்களை, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பெனி ஆட்கள் பிரிண்ட் காப்பியைப் பார்த்து ஒவ்வொண்ணா மறுபடி அடிச்சாங்க. அவங்கள்ல யாரும் ஒரு தப்பும் பண்ணல.

லாக் ஏன் குவிஞ்சுது? எப்பவோ ஆஃப் பண்ணின ஒரு ரெப்ளிகா சர்வருக்காக ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் பாக்கி இருந்தது. அந்த ரெப்ளிகா வந்து வாங்கிக்கும்னு போஸ்ட்கிரெஸ் லாகை எல்லாம் சேர்த்து வச்சுக்கிட்டே இருந்திருக்கு.

அன்னைக்கு நான் செஞ்சிருக்க வேண்டியது இதுதான். முதல்ல சர்வர் எழுதின எரர் மெசேஜோட கடைசி வரிகளைப் படிக்கணும். டேட்டா டைரக்டரியை முழுசா வேற டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கணும். சம்பந்தமில்லாத ஃபைல்களை நகர்த்தி இடம் பண்ணணும். ஸ்டார்ட் பண்ணிட்டு ரெக்கவரி முடியிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டுக் காத்திருக்கணும். எழுந்த பிறகு அந்த ஸ்லாட்டை நீக்கணும்.

ரொம்ப நாள் இதை யார்கிட்டயும் சொல்லல. நான் மட்டும்தான் இவ்வளவு பெரிய முட்டாள்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் 2017ல வந்த போஸ்ட்கிரெஸ் 10 ரிலீஸ் குறிப்பைப் படிச்சேன். அந்த ஃபோல்டர் பேரை ‘பிஜி வால்’னு மாத்தியிருந்தாங்க. காரணமும் எழுதியிருந்தாங்க: பேரைப் பார்த்துத் தேவையில்லாத லாக்னு நினைச்சு ஆட்கள் அழிச்சு, டேட்டா மீட்க முடியாமப் போகுது. நாங்க பழைய வெர்ஷன்லயே இருந்ததால அந்த மாற்றம் எங்க சர்வருக்கு வந்து சேரல.

அழிச்சவங்களைத் திட்டாம, பேரை மாத்தினாங்க பாருங்க. இப்போ என் டீம்ல புதுசா வர்ற பசங்களுக்கு முதல் வாரமே இந்தக் கதையைச் சொல்லிடறேன். எந்த லாக்னு அவங்க முதல்ல கேட்கணும்.

உங்க சர்வர்ல பழைய ஸ்லாட் ஏதாவது சும்மா கிடக்குதான்னு திங்கட்கிழமை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.