விருந்தும் கிறிஸ்துகுலமும்

தொல்காப்பியனார் ‘விருந்து’ என்னும் சொல்லைப் புதுமை என்னும் பொருளில் ஆள்வர். அது புதியராய் வந்தார்க்கு ஆகிவந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கமும் விருந்தோம்பலை ‘அயலார்பால் அன்பு’ எனப் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கும். ஆகவே, சுற்றத்தாரை ஊட்டுதல் மட்டும் இவ்வறத்தை நிரப்பாது.

1921-இல் வடஆர்க்காட்டு மாவட்டத்துத் திருப்பத்தூரில் மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்தினரான மருத்துவர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் ஈண்டு நோக்கத்தக்கது. ஆங்கிலேயர் ஆண்ட அந்நாளில் இருவரும் உடன்பிறந்தார்போல் ஒருங்கு வாழ்ந்து, கதருடுத்து, ஏழைப் பிணியாளரைப் பேணினர். பேட்டன் இந்நாட்டிற்கு விருந்தினர். தம்மை நாடிவந்த நோயாளர்க்கோ விருந்தோம்புநர். தன்னையும் ஒரு விருந்தினனாக உணர்ந்தவனே பிறரைத் தாழ்த்தாது ஓம்புவான் என்பது இதனாற் பெறப்படும்.