அதுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?

"கைக்குழந்தைதானே, அதுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?" சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை. ஆனால் மருத்துவ வரலாற்றில் இந்த நம்பிக்கைக்கு ஒரு மோசமான பங்கு உண்டு. தேடிப் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

நம் வாழ்க்கையின் முதல் இரண்டு மூன்று வருடம் நம் யாருக்கும் நினைவில் இல்லை. 'குழந்தைப் பருவ மறதி' என்று இதைச் சொல்கிறார்கள். 1905-ல் ஃபிராய்ட் இதைப் பற்றி எழுதினார். அந்த நினைவுகளை மனமே அமுக்கி வைத்துவிடுகிறது என்பது அவர் கட்சி. பின்னால் வந்த பலர், அந்த வயதில் எதுவும் பதிவதே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதை மாற்றியவர் கரோலின் ரோவி-காலியர் என்ற அமெரிக்க உளவியலாளர். தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையைக் குழந்தையின் காலோடு ஒரு ரிப்பனால் இணைத்தார். காலை உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடங்களிலேயே குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு வேகமாக உதைக்க ஆரம்பித்தது. 1969-ல் இது கட்டுரையாக வந்தது.

அடுத்த கேள்வி, எத்தனை நாள் ஞாபகம் இருக்கும்? மூன்று மாதக் குழந்தைக்குச் சுமார் ஒரு வாரம், ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு வாரம். இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். மூன்று மாதக் குழந்தை இரண்டு வாரத்தில் மறந்துவிடும். ஆனால் சோதனைக்கு முந்தின நாள் அந்தப் பொம்மை ஆடுவதைக் கொஞ்ச நேரம் காட்டினால் போதும், மறுநாள் பழையபடி உதைக்கும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஃபைல் டெலீட் ஆகவில்லை, போகிற வழிதான் தொலைந்திருந்தது.

இந்த ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் நிலைமை வேறு. 1980-களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குறைமாதக் குழந்தைகள் பலருக்குப் போதிய வலி மருந்து இல்லாமலேயே அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு, தசைகளை அசையவிடாமல் செய்யும் ஒரு மருந்து, அவ்வளவுதான். மருந்தைச் சின்ன உடம்பு தாங்காது என்ற பயம் ஒரு காரணம். வலி தெரியாது, தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது என்ற நம்பிக்கை இன்னொரு காரணம்.

இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த் இதைச் சோதித்துப் பார்த்தார். இதய அறுவை செய்யப்பட்ட குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அந்தப் பிரிவில் உடல் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்கள் ஏறுவது குறைந்தது, பின்விளைவுகளும் குறைந்தன. 1987-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. அதே வருடம் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் பச்சிளம் குழந்தைகளுக்கு மயக்க மருந்து வேண்டும் என்று அறிவித்தது.

சரி, அந்த வலி ஞாபகம் இருக்குமா? 1997-ல் டொரோண்டோவில் அன்னா டாடியோ குழுவினர் 87 ஆண் குழந்தைகளுக்கு, நாலு அல்லது ஆறு மாதத்தில், தடுப்பூசி போடும்போது கவனித்தார்கள். பிறந்தவுடன் மருந்து இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட குழந்தைகள் ஊசிக்கு அதிகமாக அழுதன. மரத்துப்போகும் களிம்பு தடவிச் செய்யப்பட்டவை அதைவிடக் குறைவு. சுன்னத் செய்யப்படாதவை எல்லோரையும் விடக் குறைவு.

அந்தக் குழந்தைகள் யாரும் வளர்ந்து அந்த நாளைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. ஆனால் உடம்பு மறக்கவில்லை. ஆகவே ஊசிக்கு முன்னால் 'களிம்பு ஏதாவது தடவலாமா டாக்டர்?' என்று கேட்பது செல்லம் கொடுப்பது ஆகாது.