வெளிப்படத் தாங்கிய துப்பாக்கி

படைக்கலத்தை ஊரறியத் தாங்கி நடப்பது ஒருவனுக்கு மதிப்பைத் தருமா, உள்ள மதிப்பையும் கெடுக்குமா என்னும் வினா இன்று அமெரிக்க நாட்டில் பெரிதும் வாதிடப்படுகிறது. அந்நாட்டின் பல மாநிலங்களில் துப்பாக்கியை மறைக்காமல் இடுப்பிலோ தோளிலோ மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குச் செல்லச் சட்டம் இடந்தருகிறது. காணக் காணக் கண் பழகிவிடும். துப்பாக்கி வைத்திருப்போரும் நம்மைப் போன்ற குடிமக்களே என ஊரார் தெளிவர் என்பது ஒரு சாரார் வாதம். காண்பவன் அஞ்சுவான், அஞ்சியவன் வெறுப்பான், முடிவில் இழப்பு துப்பாக்கி வைத்திருப்போர்க்கே என்பர் பிறர். இவ்வினாவுக்கு விடை தேட அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சுங்கை பூலோ, குவாங், ரவாங், கிள்ளான் எனச் சிலாங்கூர் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் 1941 முதல் 1960 வரை கழிந்த இருபதாண்டு வரலாறே போதிய சான்று தரும்.

தமிழகத்து நடுகற்களில் வீரன் படைக்கலத்தோடுதான் நிற்கிறான். வேலும் வாளும் தாங்குதல் அங்குப் பழியாகக் கருதப்பட்டதில்லை. இந்நிலையை மாற்றியது கும்பினியார் ஆட்சி. 1801 அக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாண்டிச் சீமையார் தம் படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. பின்னர் வந்த 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தலை இந்தியர்க்குக் குற்றமாக்கி, ஐரோப்பியர்க்கு விலக்கு அளித்தது. ஆகவே நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் கரையிறங்கிய தொழிலாளி, துப்பாக்கி என்றால் அது அரசின் கையிலோ வெள்ளையர் கையிலோ இருக்கும் பொருள் என்னும் எண்ணத்தோடுதான் மலாயாவுக்கு வந்தான்.

இங்கே அவன் கண்ட தோட்டத் துரைக்கோ அந்நாளில் துப்பாக்கி தேவைப்படவில்லை. தொப்பியும் கைத்தடியும் போதுமாயிருந்தன. துரை எதிரே வந்தால் மிதிவண்டியில் செல்பவன் இறங்கி நிற்க வேண்டும் என்பது எழுதாச் சட்டம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள், சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம், கள்ளுக்கடை ஒழிப்பு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி ஆகியவற்றோடு, துரையைக் கண்டு மிதிவண்டியிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒன்றாக இருந்தது. கூலி உயர்வுக்கு ஈடாக இதையும் ஏன் வைத்தனர் என்று வியப்பவர், எழுதாச் சட்டத்தின் வலிமையை அறியாதவர். ஒருவன் கையில் எதுவும் இல்லாதிருந்தும் மற்றவன் இறங்கி நிற்கிறான் எனில், அதுவே ஆட்சி முழுமையாக நடைபெறுவதன் அடையாளம்.

அவ்வாட்சி தளர்ந்த அன்றுதான் துப்பாக்கி வந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை நடத்திய ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர், 1941 மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டங்கள் கொந்தளித்தன. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். வந்த படையினருள் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. தோலின் நிறம் ஒன்றாயிருந்தும், அச்சிப்பாயின் தோளில் இருந்த துப்பாக்கியைத் தொழிலாளர் தம்முடையதாகக் கருத வழியில்லாமற் போயிற்று.

இரண்டாண்டு கழிந்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கப்பட்டபோது, தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதிற் சேர்ந்தனர். நேற்றுவரை பால்வாளி தூக்கிய கை துப்பாக்கி தூக்கி அணிவகுத்தது. ஆடவர் சேர்ந்த இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. அப்படையின் அரசியலைப் பற்றியும், சப்பானியர் துணையைப் பற்றியும் வேறுபட்ட கருத்துகள் உண்டு. அதே காலத்தில் சயாம் இரயில்பாதையில் தமிழர் ஆயிரமாயிரமாக மடிந்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது. ஆயினும் நம் வினாவுக்கு வேண்டிய செய்தி இது: பெண்ணொருத்தி வெளிப்படத் துப்பாக்கி ஏந்தித் தெருவில் நடந்தபோது, அதைக் கண்ட தோட்டத் தமிழர் அஞ்சி ஒதுங்கவில்லை, நிமிர்ந்தனர். அந்நிமிர்வு போர் முடிந்த பின்னும் மறையவில்லை. கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையார் கள்ளுக்கடையை எதிர்த்து, சீருடையணிந்து, தடியோடு அணிவகுத்தனர். துப்பாக்கி ஒன்றும் இல்லை. அவ்வணிவகுப்பே தோட்ட முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாருக்கும் தொழிலாளர்க்கும் மோதல் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஒருசாரார்க்குத் தன்மதிப்பாகத் தோன்றிய காட்சி மறுசாரார்க்குக் கலகமாகத் தோன்றிற்று.

இனி 1948. அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. சில திங்களுக்குள் தோட்டப்புறத்தின் தோற்றமே மாறிற்று. துரை பங்களாவைச் சுற்றி முள்வேலி, மணல்மூட்டை, இரவெல்லாம் எரியும் விளக்கு. துரை பெரட்டுக்கு வரும்போது இடுப்பில் ரிவால்வர். காரில் செல்லும்போது மடியில் இயந்திரத் துப்பாக்கி. துரைசானியும் சுடப் பழகினார். சிறப்புக் காவலர் எனப் பல்லாயிரவர், பெரும்பாலும் மலாய் இளைஞர், தோட்டங்களைக் காக்க நியமிக்கப்பட்டனர்.

துரைமாரின் அச்சம் பொய்யச்சம் அன்று. அடுத்த ஆண்டுகளில் அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். கிராணிமாரும் கங்காணிமாரும் தொழிலாளரும் கொல்லப்பட்டனர். தற்காப்புக்குத் துப்பாக்கி தாங்கியதில் குறை காண்பது முறையாகாது. அதனால் அவர்க்கு மதிப்புக் கூடிற்றா என்பதே இங்கு வினா. கூடியிருக்க இயலாது எனக் கொள்வதே பொருந்தும். கைத்தடியோடு வந்தவர்க்கு முன் மிதிவண்டியை விட்டு இறங்கியவன், ரிவால்வரோடு வந்தவரைக் கண்டபோது அறிந்துகொண்டது, துரையும் அஞ்சக்கூடியவர் என்னும் புதிய செய்தியை. வெள்ளையர் ஆட்சியின் வலிமைக்குச் சான்றாக விளங்கும் எனக் கருதப்பட்ட அத்துப்பாக்கி, அவ்வலிமை குன்றியதற்கே சான்றாயிற்று. முள்வேலிக்கு உள்ளே துரை பாதுகாப்பாக உறங்க, வேலிக்கு வெளியே இருந்த லயங்களில் இரவில் காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசியும் பணமும் கேட்டனர். கொடுத்தால் பகலில் அரசின் தண்டனை, மறுத்தால் இரவில் அவர்களின் தண்டனை. இருபுறமும் துப்பாக்கி, நடுவே வெறுங்கையோடு கித்தா மரத்தைச் சீவுபவன். அவன் எந்தத் துப்பாக்கியை நேசித்திருப்பான்?

இக்காலத்தில் நிகழ்ந்த கணபதியின் வழக்கைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். எனினும் நம் வினாவின் ஒளியில் அதை மீண்டும் நோக்க வேண்டும். தஞ்சைச் சீமையில் பிறந்து, இளமையிலேயே மலாயா வந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர் எஸ். ஏ. கணபதி. அச்சம்மேளனம் 1948 ஜூனில் பதிவு நீக்கப்பட்டது. 1949 மார்ச் முதல் நாள், ரவாங் அருகேயுள்ள வாட்டர்பால் தோட்டத்தில் அவர் பிடிபட்டார். சுங்கை பூலோ நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை குவாங்கைக் கடந்ததும் அடைவது ரவாங், அவ்வளவு அண்மை. அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம் யாரையும் சுட்டார் என்பதன்று. ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே. அவசரகாலச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி தாங்கியவனுக்குத் தண்டனை தூக்கு ஒன்றே. நீதிபதி விரும்பினும் குறைக்க இயலாது. பிடிபட்ட இரு வாரத்துக்குள் தீர்ப்பு வழங்கப்பட்டது. இந்திய அரசு கருணை காட்டுமாறு வேண்டியும் பயனில்லை. 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருக்குப்பின் தலைமையேற்ற வீரசேனனும் அதே வாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவ்வேளையில் அதே சிலாங்கூர்ச் சடக்குகளில் துரைமார் பலர் ரிவால்வரோடு சென்றுகொண்டிருந்தனர். சட்டத்தின் முன் இவ்விரண்டும் ஒன்றல்ல. அவர்களிடம் உரிமம் இருந்தது, கணபதியிடம் இல்லை. ஆனால் காண்பவன் கண்ணுக்கு உரிமத் தாள் புலப்படுவதில்லை. ஒருவர் இடுப்பில் இருப்பது காவல் எனவும், மற்றவர் இடுப்பில் இருப்பது தூக்குக்கயிறு எனவும் அவன் கண்டான். அவசரகாலக் குற்றங்களுக்காக இருநூற்றுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள்.

சாம்பசிவம் என்னும் மற்றொரு தமிழர் இத்தூக்கிலிருந்து தப்பிய வரலாறும் உண்டு. ஜொகூரில் 1948-இல் நிகழ்ந்த கைகலப்பில் காயமுற்றுப் பிடிபட்ட அவர்மீது, துப்பாக்கி தாங்கியதாக ஒரு குற்றமும், தோட்டா வைத்திருந்ததாக ஒரு குற்றமும் சுமத்தப்பட்டன. தோட்டாக் குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றத்துக்கு மறு விசாரணை நடந்தது. அதில், துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்ததாக அவர் ஒப்புக்கொண்டார் எனப்பட்ட வாக்குமூலத்தை நம்பித் தூக்கு விதித்தனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டவன் அதைச் செய்யவில்லை என்பது பின்னர் எவ்விசாரணையையும் கட்டுப்படுத்தும் என்று கூறி, 1950-இல் அவர்கள் தண்டனையை நீக்கினர். பொதுச் சட்டம் வழங்கும் நாடுகளில் வழக்கறிஞர் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

யார் தாங்குகிறான் என்பதைப் பொறுத்தே துப்பாக்கி நல்லதாகவோ தீயதாகவோ தோன்றுகிறது என்பதற்கு அமெரிக்காவே சான்று தருகிறது. கலிபோர்னியா மாநிலத்தில் துப்பாக்கியை வெளிப்படத் தாங்குதல் 1967 வரை சட்டத்துக்கு உடன்பட்டதாகவே இருந்தது. கருஞ்சிறுத்தைகள் எனப்பட்ட கறுப்பின இளைஞர் சுமார் முப்பதின்மர் அவ்வாண்டு மே 2-ஆம் நாள் சட்டமன்றக் கட்டிடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தனர். சில திங்களுக்குள், நிறைத்த துப்பாக்கியைப் பொதுவிடத்தில் தாங்குவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. கையொப்பமிட்டவர் அன்றைய மாநில ஆளுநர் ரீகன். அண்மைக் காலத்தில், ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளில் துப்பாக்கி ஆர்வலர் கூட்டமாகத் துப்பாக்கியோடு வந்து காப்பி அருந்தத் தொடங்கினர். அந்நிறுவனம் அதுவரை இதில் தலையிடாதிருந்தது. 2013-இல் தயவுசெய்து கொண்டுவராதீர் என்று பகிரங்கமாக வேண்டிக்கொண்டது. கடைக்காரரின் நட்பைக் காட்டச் சென்றவர்கள் அந்நட்பையே இழந்தனர்.

இதற்கு மாறாகக் குடகு நாட்டை நோக்குக. 1861 முதல் குடகர்க்குப் படைக்கலச் சட்டத்தினின்று விலக்கு உண்டு. இந்திய அரசு 2019-இலும் அதை நீட்டித்தது. கைல்போது விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுவர். திருமணத்திலும் அதைத் தாங்குவர். அங்கே அதைக் கண்டு ஒருவரும் ஓடி ஒளிவதில்லை. வீடுதோறும் இருப்பதால் அது ஒருவன் மற்றவன்மீது நீட்டும் பொருளாகத் தோன்றவில்லை போலும்.

மலாயாவில் அரசும் இதைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. பிரிக்ஸ் திட்டப்படி 1950 முதல் காட்டோரத்துச் சீனர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தொடக்கத்தில் அவர்களைச் சுற்றியிருந்த துப்பாக்கி அனைத்தும் அவர்களை நோக்கியதாகவே இருந்தது. 1952-இல் டெம்ப்ளர் வந்த பின்னர் ஊர்க்காவற் படை பெருக்கப்பட்டது. சீனர் கையிலும் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. அவை நேரே காட்டுக்குப் போய்விடும் என்று எச்சரித்த அதிகாரிகள் உண்டு. முதலில் காவல் நேரத்துக்கு மட்டும் கொடுத்தனர்; பின்னர்ப் படிப்படியாகக் கிராமக் காவலையே அவர்களிடம் ஒப்படைத்தனர். சில துப்பாக்கிகள் தவறின, பெரும்பாலானவை தவறவில்லை. நேற்றுவரை ஐயத்துக்குரியவனாக நடத்தப்பட்டவன் இன்று வாயிலில் துப்பாக்கியோடு நின்றபோது, ஊராரும் அரசும் அவனை நோக்கிய நோக்கு மாறிற்று.

தோட்டத் தமிழனுக்கு அத்தகைய நம்பிக்கை அரிதாகவே காட்டப்பட்டது. பலவிடங்களில் மதியச் சோற்றைக்கூட மரத்தடிக்குக் கொண்டுசெல்ல விடாமல் வாயிலில் சோதித்தனர். சோதித்தவன் தோளில் துப்பாக்கி. அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் நாள் முடிவுற்றது. முள்வேலிகள் அகன்றன, துரைமாரின் ரிவால்வரும் மறைந்தது. ஆயினும் பாதுகாப்புப் பகுதியில் உரிமமின்றித் துப்பாக்கி தாங்கியவனுக்குத் தூக்கே தண்டனை என்னும் விதி, அதே ஆண்டு இயற்றப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் குடிபுகுந்தது. கணபதி மறைந்து அறுபத்து மூன்று ஆண்டு கழித்து, 2012-இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோதுதான் அதுவும் நீங்கியது.