ஆனைமலைச் சாசனமும் இருமொழி வழக்கும்

மதுரையை அடுத்த ஆனைமலையில் ஸ்ரீநரசிம்மப் பெருமானுக்குக் குடையப்பெற்ற கற்றளியில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. ஒன்று கிரந்த எழுத்தில் வடமொழி. மற்றொன்று வட்டெழுத்தில் தமிழ். ஒன்றன் மொழிபெயர்ப்பே மற்றொன்று என்று கொள்வார்க்குப் பாதிச் செய்தியே கிட்டும்.

வடமொழிச் சாசனம் கலியாண்டு 3871, அதாவது பொ.ஆ. 770, எனக் காலம் கூறுகிறது. தளி எடுப்பித்த மந்திரி கரவந்தபுரத்தில் வாழ்ந்த வைத்திய குலத்தவர் என்றும், மதுரகவி என்றும் அவரைச் சிறப்பிக்கிறது. அக்கரவந்தபுரம் நம் சங்கரன்கோவிலுக்குத் தெற்கேயுள்ள உக்கிரன்கோட்டையே. தமிழ்ச் சாசனத்தில் ஆண்டும் இல்லை, மதுரகவி என்னும் பெயரும் இல்லை. களக்குடி வைத்தியனாகிய மாறங்காரி தளியைச் செய்து, நீர்த்தெளிக்குமுன் பரமபதித்தார். தம்பி மாறன் எயினன் மந்திரிபதம் எய்தி, முகமண்டபம் செய்து நீர்த்தெளித்தார் என்பதை அதுவே அறிவிக்கிறது.

இப்பாகுபாடு தற்செயலன்று. நெடுஞ்சடையனின் 3ஆம் ஆட்சியாண்டு வேள்விக்குடிச் செப்பேட்டிலும் வடமொழி வமிசப் புகழைப் பாடுகிறது. களப்பிரர் காலத்தில் இழந்த நிலத்தை மீட்கக் கொற்கைகிழான் முறையிட்டதும், பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு அரசன் பணித்ததும் தமிழில் விரிகின்றன. உரிமைக்குச் சாட்சியாவோர் கேட்டறியும் மொழியிலேயே வழக்கு நிற்கவேண்டும்.

ஐரோப்பாவிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 842ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்கில் அரச சகோதரர் இருவர் செய்த உடன்படிக்கையை இலத்தீன் வரலாற்றுநூல் பதிவுசெய்கிறது. ஆயினும் படையினர் கேட்கச் செய்த சபத வாசகங்களை அவர்தம் பேச்சுமொழிகளிலேயே தருகிறது. ஒரு வேற்றுமை: அங்கு ரோமானிய மொழி இலத்தீனே பேச்சில் திரிந்து பிறந்தது, இங்கோ தமிழ் வடமொழியின் திரிபன்று. தனிமொழியாக அருகில் நின்றே அதன் சொற்களை ஏற்றது. ஆனைமலைத் தமிழில் ஸ்வர்க்காரோஹணம், அநுஜன் என்பன கலந்திருத்தல் காண்க. பூர்வாசாரியர்கள் வியாக்கியானங்களில் நிறைவாக்கிய மணிப்பிரவாள நடைக்கு முன்தடம் இத்தகைய சாசனங்களில் உளது.

மதுரகவி என்னும் பெயரைக் கண்டு இம்மந்திரியை ஆழ்வாராகவே கொண்டாரும் உளர். திருக்கோளூரில் அவதரித்து, நம்மாழ்வார் திருநாட்டுக்கு எழுந்தருளிய பின்பும் இருந்து கைங்கரியம் செய்தவர் ஆழ்வார் என்பது குருபரம்பரை. தமிழ்ச் சாசனமோ களக்குடி வைத்தியர் மந்திரியாயிருந்து, எடுத்த தளி நிறைவுறுமுன் மறைந்ததைச் சொல்கிறது. பெயரொற்றுமை ஒன்றே இவ்வேற்றுமையைத் தாங்கமாட்டாது. உபய வேதாந்தம் பயில்வோர் சாசனத்தையும் உபயமாகவே வாசித்தல் தகும்.